‘பக்’ என்றால் உண்மையில் என்ன? புரோகிராமர் ஜோக்குகள் வழியே ஒரு விளக்கம்

இணையம் மெதுவாக வந்தால் பக். பாஸ்வேர்ட் மறந்துபோனால் பக். யாரோ கணக்குக்குள் புகுந்து விளையாடினாலும் பக். ரசீது தப்பாக வந்திருக்கிறதே என்று கவுண்டரில் கேட்டால், “சிஸ்டம் அப்படித்தான் காட்டுது” என்று பதில் வரும். அதற்கு மேல் பேச்சு கிடையாது. கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஏதோ செய்துவிட்டது, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்பது போல ஒரு தொனி.

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்தும். கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு நடந்தால் எங்கள் பாடு எவ்வளவோ சுலபம். பழியை அதன் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம். அது எழுத்துப் பிசகாமல் சொன்னபடி கேட்கிறது. தொல்லையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஆட்களுக்குள் புழங்கும் ஜோக்குகளில் பாதிக்கு மேல் இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன: மனதில் நினைத்தது ஒன்று, எழுதியது வேறொன்று, இயந்திரம் எழுதியதைச் செய்தது. ஜோக்கை விளக்கினால் சுவை போய்விடும் என்பார்கள். போகட்டும், இங்கே விளக்கம்தான் வேண்டும்.

ஷாம்பு பாட்டிலும் முடியாத குளியலும்

ஒரு புரோகிராமர் குளிக்கப் போனார், வெளியே வரவே இல்லை. இரண்டு நாள் கழித்துக் கதவை உடைத்துப் பார்த்தால் ஆள் மயங்கிக் கிடக்கிறார், கையில் காலி ஷாம்பு பாட்டில். பாட்டிலின் பின்பக்கம் எழுதியிருந்தது: “தலையில் தேய்க்கவும். அலசவும். மீண்டும் செய்யவும்.”

நாம் படித்தால் ‘மீண்டும்’ என்பது இன்னும் ஒரு தடவை. தலை சுத்தமானதும் நிறுத்திவிட வேண்டும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பாட்டிலில் அப்படி எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். விட்டுப்போனதை நாமே சேர்த்துப் படித்துக்கொள்கிறோம், சேர்ப்பது தெரியாமலேயே.

புரோகிராம் என்பது இப்படி வரிசையாக எழுதிய கட்டளைகள். ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் பகுதிக்கு லூப் என்று பெயர். எந்த லூப்புக்கும் எப்போது நிற்க வேண்டும் என்ற நிபந்தனை வேண்டும். அந்த நிபந்தனையை எழுதாமல் விட்டாலோ, எழுதியும் அது ஒருநாளும் நிறைவேறாது என்றாலோ, இயந்திரம் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்குத் திரை உறைந்து நிற்பதாகத் தெரியும்; உள்ளே அது மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும்.

2008 டிசம்பர் 31 அன்று இந்த ஷாம்பு ஜோக் நிஜமாகவே நடந்தது. மைக்ரோசாஃப்ட் அப்போது ஸூன் என்ற கையடக்கப் பாட்டுக் கருவியை விற்றுக்கொண்டிருந்தது. அதன் 30 ஜிபி மாடல்கள் அன்றைக்கு ஒட்டுமொத்தமாக உறைந்து நின்றன. குற்றவாளி உள்ளேயிருந்த கடிகாரப் பகுதி. 1980 தொடக்கத்திலிருந்து எத்தனை நாள் ஓடியிருக்கிறது என்பது அதற்குத் தெரியும். அதை வைத்து இது எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க, ஒவ்வோர் ஆண்டின் நாட்களையும் வரிசையாகக் கழித்துக்கொண்டே வரும். அந்தக் கட்டளைகளைத் தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

மீதி நாள் 365-ஐவிட அதிகமாக இருக்கும்வரை இதைச் செய்துகொண்டே இரு:
சாதாரண ஆண்டு என்றால் 365-ஐக் கழி, அடுத்த ஆண்டுக்குப் போ.
லீப் ஆண்டு என்றால், மீதி 366-ஐவிட அதிகமா என்று பார். அதிகம் என்றால் 366-ஐக் கழி, அடுத்த ஆண்டுக்குப் போ.

படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது அந்த நாளை உள்ளே விட்டுப் பாருங்கள். 2008 லீப் ஆண்டு. டிசம்பர் 31 அதன் 366ஆவது நாள். மீதி 366. அது 365-ஐவிட அதிகம், ஆகவே லூப்புக்குள் நுழையலாம். லீப் ஆண்டா? ஆம். மீதி 366-ஐவிட அதிகமா? இல்லை, சரியாக 366. அப்படியானால் என்ன செய்வது? அதை யாரும் எழுதவில்லை. ஒன்றும் செய்யாமல் மேலே போனது. மீதி இன்னும் 366. மறுபடி உள்ளே நுழைந்தது.

மைக்ரோசாஃப்ட் சொன்ன பரிகாரம்: பேட்டரி தீர்ந்து அணையும்வரை விட்டுவிடுங்கள், மறுநாள் நண்பகலுக்குப் பிறகு போட்டுப் பாருங்கள். மறுநாள் மீதி 367 ஆனது, கழிந்தது, கருவி எழுந்து உட்கார்ந்தது. கோடில், அதாவது எழுதிய கட்டளைகளில், யாரும் கை வைக்கவில்லை, தேதிதான் மாறியது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். இயந்திரம் கட்டளையை மட்டும்தான் பார்க்கிறது, அதன் பின்னாலிருக்கும் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. எண்ணத்துக்கும் கட்டளைக்கும் நடுவில் விழும் அந்த இடைவெளிதான் பக். அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கலாம். குறிப்பிட்ட ஒரு நாளோ ஓர் எண்ணோ வந்து தட்டும்போதுதான் வெளியே தெரியும்.

பூச்சி பிடித்த கதை

பக் என்றால் பூச்சி. இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். பெரும்பாலும் பாதியைத் தப்பாகச் சொல்வார்கள். 1947இல் ஹார்வர்டில் ஒரு கம்ப்யூட்டருக்குள் விட்டில்பூச்சி ஒன்று மாட்டிக்கொண்டது, அதிலிருந்துதான் பிழைக்குப் பக் என்ற பெயர் பிறந்தது என்பது கதை.

பூச்சி மாட்டியது நிஜம். 1947 செப்டம்பர் 9, இயந்திரத்தின் பெயர் மார்க் 2. அது ரிலே என்ற மின்சுவிட்சுகளால் ஆன பெரிய இயந்திரம். அதன் ஒரு ரிலேயில் சிக்கிச் செத்த பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒரு வரி எழுதினார்கள்: பக் ஒன்று நிஜமாகவே அகப்பட்டது இதுவே முதல் தடவை. அந்தக் குறிப்பேட்டுப் பக்கம் பூச்சியோடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. கம்ப்யூட்டர் துறையின் முன்னோடியான கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையை மேடைக்கு மேடை சொல்லிப் பிரபலமாக்கினார்.

அந்த வரியில் ‘நிஜமாகவே’ என்று ஏன் எழுத வேண்டும்? பக் என்ற சொல் ஏற்கெனவே பிழை என்ற பொருளில் புழங்கியிருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு அங்கே வேலை. புழங்கியதுதான். தாமஸ் எடிசன் 1878லேயே தன் கருவிகளில் வரும் சில்லறைக் கோளாறுகளைப் பக் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆக, குறிப்பேட்டில் இருப்பது சொல்லின் பிறப்புச் சான்றிதழ் அல்ல, இரவுபகலாகக் கோளாறு தேடிக் களைத்தவர்கள் அடித்த ஒரு ஜோக். பிறகு வந்தவர்கள் அதை வரலாறாக்கிவிட்டார்கள்.

வழுவும் வழுவமைதியும்

தமிழில் பக்கை ‘வழு’ என்று எழுதுகிறார்கள். கலைச்சொல்லாக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த தேர்வுகளில் இது ஒன்று. பூச்சியை மொழிபெயர்க்க முயலாமல், நம் இலக்கணத்தில் தயாராக இருந்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இலக்கண முறை தவறிய தொடர் வழு. தவறாதது வழாநிலை. மூன்றாவதாக ஒன்று உண்டு, அதில்தான் சுவாரஸ்யம்: வழுவமைதி. இலக்கணப்படி பிழைதான், ஆனாலும் ஏதோ ஒரு காரணம் பற்றிச் சரியென்று ஏற்றுக்கொள்வது. பசுவைப் பார்த்து அன்பு மேலிட்டு “என் அம்மை வந்தாள்” என்று சொன்னால் அது திணை வழுவமைதி என்று பள்ளியில் படித்திருப்போம்.

புரோகிராமர்களிடம் பழைய ஜோக் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் கோளாறு என்று காட்டினால், முகத்தில் சலனமே இல்லாமல், “அது பக் இல்லீங்க, வசதி” என்று சொல்வது. கேட்பதற்குச் சமாளிப்பாகத் தோன்றும். பல நேரம் சமாளிப்பும்தான். ஆனால் உண்மையான வழுவமைதிகள் மென்பொருளிலும் இருக்கின்றன.

எக்செலைத் திறந்து 1900 பிப்ரவரி 29 என்று தேதி போட்டுப் பாருங்கள். மறுப்பே சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். அப்படி ஒரு நாள் உலகத்தில் இருந்ததே இல்லை. 100ஆல் வகுபடும் ஆண்டு 400ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு, 1900 வகுபடாது. எக்செலுக்கு முன்பு கொடிகட்டிப் பறந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருளில் 1900 லீப் ஆண்டாகவே கணக்கிடப்பட்டிருந்தது. லோட்டஸ் கோப்புகளை எக்செலில் திறந்தால் தேதிகள் ஒரு நாள் தள்ளிப்போகக் கூடாதே என்று, எக்செலை எழுதியவர்கள் அந்தத் தவறையும் தெரிந்தே அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இன்று அதைத் திருத்தினால் உலகத்தில் கிடக்கும் எத்தனையோ கோப்புகளில் தேதிக் கணக்கு ஒரு நாள் பிசகும். ஆகவே வழு அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. நன்னூலார் பார்த்திருந்தால் இதற்குத் தனியாக ஒரு சூத்திரமே எழுதியிருப்பார்.

ஒன்று கூடும், ஒன்று குறையும்

கணினி அறிவியலில் கடினமான விஷயங்கள் இரண்டே இரண்டுதான் என்று ஃபில் கார்ல்டன் என்ற புரோகிராமர் சொன்னார்: வேகத்துக்காக எடுத்துவைத்த தகவலின் பழைய நகலை எப்போது தூக்கியெறிவது என்பது ஒன்று, பெயர் வைப்பது இன்னொன்று. பின்னால் வந்தவர்கள் அதை நீட்டினார்கள்: “கடினமான விஷயங்கள் இரண்டே இரண்டு: பழைய நகலைத் தூக்கியெறிவது, பெயர் வைப்பது, எண்ணிக்கை ஒன்று பிசகுவது.”

சிரித்தாயிற்றா? இரண்டு என்று சொல்லிவிட்டு மூன்று அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பிசகுதான் புரோகிராமர்கள் தினம் தினம் செய்யும் தவறு.

30 மீட்டர் நீளத்துக்கு நேராக ஒரு வேலி. 3 மீட்டருக்கு ஒரு கம்பம். எத்தனை கம்பம் வேண்டும்? 30-ஐ 3-ஆல் வகுத்தால் 10. அது இடைவெளிகளின் எண்ணிக்கை. கம்பங்கள் 11, ஏனென்றால் தொடக்கத்திலும் ஒன்று நட வேண்டும். அதேபோல, 5ஆம் தேதி முதல் 12ஆம் தேதி வரை விடுமுறை என்றால் பலரும் சட்டென்று 7 நாள் என்பார்கள். விரல்விட்டு எண்ணினால் 8.

நானும் இந்தக் குழியில் விழுந்தவன்தான். மாதாந்தர அறிக்கை ஒன்றைத் தயாரிக்கும் புரோகிராமை எழுதியிருந்தேன். அதில் ‘1ஆம் தேதி முதல் 31ஆம் தேதி வரை’ உள்ள பதிவுகளை எடு என்று எழுதினேன். மனிதர் யாரிடம் சொன்னாலும் 31ஆம் தேதி முழு நாளும் சேர்த்தி என்று புரிந்துகொள்வார். ஆனால் பதிவுகளில் தேதியோடு நேரமும் சேர்ந்தே இருந்தது. நேரம் குறிப்பிடாமல் 31 என்று மட்டும் கொடுத்தால், அந்த இடத்தில் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்வது 31ஆம் தேதி நள்ளிரவு 00:00 மணி, அதாவது அந்த நாள் பிறக்கும் கணம். காலை 10:15க்கு வந்த பதிவு அதற்குப் ‘பின்னால்’ இருக்கிறது, அறிக்கையில் சேராது. ஒவ்வொரு மாதமும் கடைசி நாள் முழுசாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. இரண்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதற்குக் கொஞ்சம் பொறுங்கள், அதற்கு ஒரு வாத்து வேண்டும்.

10 வகை மனிதர்கள்

உலகத்தில் மனிதர்கள் 10 வகை: இரும எண் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள்.

நாம் எண்ணுவது பத்தின் கணக்கில்: ஒன்று, பத்து, நூறு. கம்ப்யூட்டருக்கு 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள். அதனால் அதன் இடமதிப்புகள் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டிக்கும். இதுதான் இரும எண் முறை. அதில் 10 என்று எழுதினால் இரண்டு. ஜோக் அவ்வளவுதான். ஒவ்வோர் இலக்கத்துக்குமான இடத்தை பிட் என்கிறோம். ஓர் எண்ணை வைக்க இத்தனை பிட் என்று முன்கூட்டியே இடம் ஒதுக்கிவிடுவது வழக்கம். படிவத்தில் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று அச்சடித்திருப்பார்களே, அது மாதிரி. பெயர் நீளமாக இருந்தால் கட்டம் போதாது.

கட்டம் போதாமல் போனதற்கு வரலாற்றில் மிக விலையுயர்ந்த உதாரணங்களில் ஒன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட். 1996 ஜூன் 4 அன்று அதன் முதல் பயணம். சுமார் 40 வினாடிகளில் வெடித்துச் சிதறியது, நான்கு செயற்கைக்கோள்களோடு. திசையையும் வேகத்தையும் கணக்கிடும் மென்பொருளை முந்தைய ஏரியான் 4-லிருந்து எடுத்திருந்தார்கள். அதில் கிடைமட்ட வேகம் சார்ந்த ஓர் எண்ணை 64 பிட் இடத்திலிருந்து 16 பிட் இடத்துக்கு மாற்றும் ஒரு வரி இருந்தது. குறை எண்களுக்கும் இடம் விட்டால் 16 பிட்டில் கொள்ளும் மிகப்பெரிய எண் 32,767. பழைய ராக்கெட்டில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வராது. புதிய ராக்கெட் வேகமானது, எண் தாண்டிவிட்டது.

ஒன்று பழுதானால் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று இரண்டு கணினிகள் வைத்திருந்தார்கள். இரண்டிலும் அதே மென்பொருள். மாற்றுக் கணினி முதலில் நின்றது, அடுத்த கணமே முதன்மைக் கணினியும் அதே காரணத்துக்காக நின்றது. இதைவிடக் கொடுமை, அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவைப்படவே இல்லை. பழையதில் ஓடியது, இதிலும் ஓடட்டும் என்று விட்டிருந்தார்கள்.

இரும எண்ணால் வரும் இன்னொரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். பல புரோகிராமிங் மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வரும். புதிதாகக் கற்பவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குக் கூட்டல் தெரியவில்லை என்பார்கள். மூன்றில் ஒரு பங்கை நீங்கள் பத்தின் கணக்கில் முழுசாக எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம். 0.3333 என்று போய்க்கொண்டே இருக்கும். எங்காவது நிறுத்தியாக வேண்டும். இரண்டின் கணக்கில் பத்தில் ஒரு பங்குக்கும் அதே கதி. நிறுத்திய இடத்தில் விடுபட்ட துணுக்குதான் கடைசியில் அந்த 4 ஆகத் தலைகாட்டுகிறது.

ஆக, இடைவெளி மூன்று விதமாக விழுந்ததைப் பார்த்தோம்: சொல்லாமல் விட்டது, எண்ணிக்கையில் ஒன்று பிசகியது, எண்ணுக்கு இடம் போதாதது.

பக் அல்லாதவை

எதெல்லாம் பக் இல்லை என்பதையும் வேகமாகப் பார்த்துவிடலாம்.

தப்பான தகவலைக் கொடுத்தால் தப்பான விடை வருவது பக் இல்லை. சார்லஸ் பாபேஜ் 19ஆம் நூற்றாண்டில் கணக்கிடும் இயந்திரத்தை வடிவமைத்தபோது, பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவரிடம் இரண்டு முறை கேட்டார்களாம்: “இயந்திரத்தில் தப்பான எண்களைப் போட்டால் சரியான விடை வருமா?” இப்படிக் கேட்க வேண்டுமானால் எந்த மாதிரிக் குழப்பம் மண்டைக்குள் இருக்க வேண்டும் என்று தனக்குப் பிடிபடவில்லை என்று 1864இல் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதிவைத்தார். இயந்திரம் முழுசாகக் கட்டி முடிக்கப்படும் முன்பே அதைப் பற்றிய ஜோக் பிறந்துவிட்டது.

கார்ல்டன் சொன்ன ‘பழைய நகல்’ விஷயமும் பக் என்று அடிக்கடி புகாராக வரும். தொலைவிலிருந்து ஒவ்வொரு தடவையும் எடுத்துவர நேரமாகும் என்பதால், ஒருமுறை கொண்டுவந்ததைப் பக்கத்திலேயே ஒரு நகல் வைத்துக்கொள்வார்கள். அதற்கு கேஷ் என்று பெயர். மூலம் மாறிய பிறகும் நகல் பழையதாகவே இருந்தால், “நான் மாத்திட்டேன்” என்று ஒருவர் சொல்வார், “எனக்குப் பழசுதான் தெரியுது” என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரும் சொல்வது உண்மை. பெரும்பாலும் சற்று நேரத்தில் தானே சரியாகும். நகலை எப்போது புதுப்பிப்பது என்ற கணக்கையே தப்பாக எழுதியிருந்தால் மட்டும் அது பக்.

அப்புறம், வைரஸ் என்பது ஒருவர் வேண்டுமென்றே தீங்குக்காக எழுதியது. பக் யாரும் வேண்டி எழுதியதில்லை. ஆனால் திறந்து கிடக்கும் ஜன்னல் வழியாகத் திருடன் வருவதுபோல, தீங்கு செய்பவர்கள் பல நேரம் ஒரு பக் வழியாகத்தான் உள்ளே வருகிறார்கள்.

சோதித்துப் பார்க்கவே மாட்டார்களா?

சோதிப்பார்கள். அதற்கென்றே டெஸ்டர் என்று தனி ஆள் உண்டு. அவரைப் பற்றியும் ஒரு ஜோக்.

ஒரு டெஸ்டர் பாருக்குள் நுழைகிறார். ஒரு பீர் கேட்கிறார். பூஜ்யம் பீர் கேட்கிறார். 99999999 பீர் கேட்கிறார். மைனஸ் ஒரு பீர் கேட்கிறார். ஒரு பல்லி கேட்கிறார். எல்லாவற்றுக்கும் பார் சரியாகப் பதில் சொல்கிறது. பிறகு முதல் நிஜ வாடிக்கையாளர் வந்து, “கழிப்பறை எங்கே இருக்கு?” என்று கேட்கிறார். பார் தீப்பிடித்து எரிந்து சாம்பலாகிறது.

டெஸ்டர் முட்டாள்தனமாகக் கேட்கவில்லை. பூஜ்யம், மிகப் பெரிய எண், குறை எண், சம்பந்தமே இல்லாத ஒன்று: இவையெல்லாம் எல்லைகள். பக் எல்லையில்தான் குடியிருக்கும். ஸூனின் 366ஐயும் ஏரியானின் 32,767ஐயும் நினைத்துப் பாருங்கள். ஆனாலும் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல வேண்டிய 10 கேள்விகள் கொண்ட படிவத்தை 1,024 விதமாக நிரப்பலாம். 30 கேள்விகள் என்றால் 107 கோடி விதம். ஒரு விதத்துக்கு ஒரு வினாடி என்றாலும், இரவுபகலாகச் சோதித்து முடிக்க 34 ஆண்டுகள் ஆகும்.

சோதனை பக் இருப்பதைக் காட்டுமே தவிர, இல்லை என்று ஒருநாளும் காட்டாது என்றார் நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. கணித முறையில் நிரூபித்துவிட்டால்? டொனால்ட் கனூத் 1977இல் ஒரு குறிப்பின் முடிவில் இப்படி எழுதினார்: மேலே உள்ள கோடில் பக் இருக்கலாம், ஜாக்கிரதை, அது சரியென்று நிரூபித்திருக்கிறேனே தவிர, ஓட்டிப் பார்க்கவில்லை. துறையின் மிகப் பெரிய மேதைகளில் ஒருவர் தன் கோடைப் பற்றியே எழுதியது இது.

வாத்திடம் பேசுவது

பக்கைத் தேடிக் கண்டுபிடித்து நீக்கும் வேலை டீபக்கிங். “பக்கை எடுப்பது டீபக்கிங் என்றால், போடுவதற்குப் பெயர் புரோகிராமிங்” என்பது அலுவலகங்களில் சுற்றும் பழமொழி. கணினி அறிஞர் பிரையன் கெர்னிஹன் இதைவிடக் கூர்மையாகச் சொல்லியிருக்கிறார்: கோட் எழுதுவதைவிட அதில் தப்பைத் தேடுவது இரண்டு மடங்கு கடினம், உன் புத்திசாலித்தனம் முழுவதையும் எழுதும்போதே செலவழித்துவிட்டால், பிறகு எதை வைத்துத் தேடுவாய்?

தேடுவதற்குச் சிலர் மேஜையில் ஒரு ரப்பர் வாத்து பொம்மை வைத்திருப்பார்கள். பிரச்சினை பிடிபடாவிட்டால் அந்த வாத்துக்கு வரிக்கு வரி கோடை விளக்க வேண்டும். விளையாட்டாகச் சொன்னாலும் முறை உண்மையில் பலிக்கும். நம் கோடை நாமே படிக்கும்போது, ஷாம்பு பாட்டிலைப் படிப்பதுபோல, விட்டுப்போனதை மனம் சேர்த்துக்கொண்டே போகும். வாய்விட்டு விளக்கும்போது எழுதியிருப்பதை மட்டும் சொல்ல வேண்டிவரும்.

என் அறிக்கை விஷயத்தில் வாத்தாக வாய்த்தவர் பக்கத்து இருக்கைச் சக ஊழியர். அவரைத் திரும்பி உட்காரவைத்து ஆரம்பித்தேன். “இங்க பாருங்க, மாசத்தோட முதல் தேதி. இது கடைசித் தேதி, 31. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற எல்லாப் பதிவும் வருது. 31ஆம் தேதி... எத்தனை மணி வரைக்கும்?” சொல்லி நிறுத்தினேன். “சரி, கிடைச்சிடுச்சு. ரொம்ப நன்றி.” அவர் சொன்னார், “நான் இன்னும் வாயே திறக்கலையே.” 31 வரை என்பதை ‘அடுத்த மாதம் 1ஆம் தேதிக்கு முன்பு வரை’ என்று மாற்றினேன். ஒரே வரி. தேடியது இரண்டு நாள்.

எப்போது சரியாகும்?

“ஒரு வரிதானே, அதுக்கு ஏன் இரண்டு நாள்?” என்று மேலாளர்கள் கேட்பார்கள். அமெரிக்க அறிஞர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் 1979இல் இதற்கு ஒரு விதி எழுதினார்: எந்த வேலையும் நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் எடுக்கும், ஹாஃப்ஸ்டாட்டர் விதியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும். விதிக்குள்ளேயே விதி வருகிறது பாருங்கள். தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ளும் இந்த அமைப்புக்கு ரிகர்ஷன் என்று பெயர். ரிகர்ஷன் புரியவில்லையா? முதலில் ரிகர்ஷனைப் புரிந்துகொள்ளுங்கள்.

நேரம் எங்கே போகிறது என்றால், பெரும்பகுதி அந்தப் பிழையை மறுபடி வரவழைப்பதில் போகிறது. என்ன செய்தால் வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் நாங்கள் எங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, “என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது” என்ற உலகப் புகழ்பெற்ற வாசகத்தைச் சொல்வோம். அது பொய்யில்லை. என் கணினியில் வேறு பதிப்பு, வேறு மொழி அமைப்பு, வேறு நேர மண்டலம். எழுதியவருக்கே தெரியாமல் இவற்றில் ஏதோ ஒன்றைக் கோட் நம்பியிருக்கும்.

அதனால் அடுத்த முறை நீங்கள் ஒரு பக்கைப் புகாராக அனுப்பும்போது, “வேலை செய்யல” என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று நினைத்தீர்கள், என்ன வந்தது: இந்த மூன்றும் போதும். பிழைச் செய்தி வந்தால் அதை உங்கள் சொந்த நடையில் எழுதாமல், படம் பிடித்து அப்படியே அனுப்புங்கள். நடுவில் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் என்பதையும் சேர்த்து.